ஆசிட்டுக்கு ஒரு குறையும் இல்லை

ஆபத்தான பொருள்களைப் பேணிக் காப்பதில் எங்கள் கம்பெனிக்கு நிகர் எங்கள் கம்பெனிதான். பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் மார்தட்டிச் சொல்கிறேன்: நான் பதவியேற்ற நாளிலிருந்து எங்கள் ஆசிட்டுக்கு ஒரு சின்னக் கீறல்கூட விழுந்ததில்லை.

நாங்கள் தயாரிப்பது கழிவறை கழுவும் திரவம். அதற்கான ஆசிட் பீப்பாய்கள் வெயில் படாத தனி அறையில், மரப்பலகை மேல், மூச்சு முட்டாமல் இருக்க இரண்டு காற்றாடிகளோடு வாசம் செய்கின்றன. 'உருட்டாதே, சாய்க்காதே, அதிராமல் தூக்கு' என்று சுவரில் எழுதியிருக்கிறோம். தூக்குகிறவர்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை. சுவரில் இடமில்லை.

பக்கத்துக் கொட்டகையில் பாட்டில் நிரப்பும் வேலை. அங்கே காற்றாடி கிடையாது, லேபிள் பறந்துவிடும். அங்கே புனல் பிடிக்கிறவர்களில் ஒருத்தி என் அக்கா. எனக்கு இந்தப் பதவி கிடைத்ததே அவள் சிபாரிசால்தான். "வேற எதுக்கும் லாயக்கில்லீங்க, ஆனா ஒரு இடத்துல பாதுகாப்பா உக்காந்திருப்பான்" என்றாளாம். 'பாதுகாப்பு' என்ற சொல் முதலாளியின் மனதில் தைத்துவிட்டது.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது நவீனம் வந்து சேர்ந்தது. விரல் ரேகையைப் பார்த்து வருகையைப் பதியும் இயந்திரம், பேசவும் செய்யும். முதலாளி ரிப்பன் வெட்டினார். அக்கா முதல் ஆளாகக் கட்டைவிரலை வைத்தாள்.

"மன்னிக்கவும். உங்களை அடையாளம் தெரியவில்லை" என்றது இயந்திரம், தேன் ஒழுகும் குரலில்.

"எனக்குந்தான் உன்னைத் தெரியல. நான் மன்னிப்பா கேட்டேன்?" என்றாள் அக்கா.

துடைத்துவிட்டு வைத்தாள். ஊதிவிட்டு வைத்தாள். நான் அந்த விரலை வாங்கிப் பார்த்தேன். ஆசிட் தின்று, தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. சின்ன வயதில் என் காதைத் திருகிய விரல். அப்போது ரேகை நன்றாகவே பதிந்தது.

கொட்டகை முழுக்க இதே கதி. வேலை பார்த்துக் களைத்த அத்தனை பேரையும் இயந்திரம் 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டது. வாரக் கடைசிவரை 'வராதவர்கள்' பெயர் தானாகவே நீக்கப்படும் என்றார் மேனேஜர்.

"டேய் பாதுகாப்பு! என் வேலையைக் காப்பாத்துவியா மாட்டியா?"

"கூட்டம் போட்டிருக்கோம்க்கா."

"கூட்டமா? அப்ப வேலை போனது உறுதி."

குளிரூட்டிய அறையில் கூட்டம் கூடியது. "இத்தனை பேர் ஒரே நேரத்துல ரேகையைத் தொலைச்சிருக்காங்க. என்ன கவனக்குறைவு சார் இது! வீட்டுல வெச்சிட்டு வந்துட்டாங்களா?" என்று குமுறினார் மேனேஜர்.

நான் தொண்டையைக் கனைத்தேன். "ஆசிட் அரிச்சிருச்சு சார். ஆளுக்கொரு ஜோடி கையுறை குடுத்துட்டா..."

"கையுறையா?" முதலாளி பதறிப்போனார். "கையுறை போட்டா பாட்டில் வழுக்கும். பாட்டில் வழுக்கினா ஆசிட் கொட்டும். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருய்யா பொறுப்பு?"

ஆசிட்டின் நலனை ஒரு கணம் மறந்துவிட்டதற்காக வெட்கினேன். ஆனால் அக்காவின் முகம் கண்முன்னே வந்து நின்றது. "இல்லைன்னா திங்கக்கிழமை பாட்டில் நிரப்ப ஆளே இருக்காது சார்" என்றேன்.

முதலாளி கண்களை மூடினார். திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"மிஷினுக்கு எத்தனை விரல்யா வேணும்?"

"ஒண்ணு போதும் சார். வலது கட்டைவிரல்" என்றார் மேனேஜர்.

மறுநாளே சரக்கு வந்து இறங்கியது. உயர்ரக ரப்பர் உறை, தலைக்கு ஒன்று. ரேகை மறுபடி முளைக்கும்வரை கையெழுத்துப் போடலாம் என்ற கருணை வேறு. வேலை தப்பியது! நானே கொட்டகைக்குப் போய் அக்காவின் கட்டைவிரலில் மாட்டிவிட்டேன். குட்டிக் கிரீடம் மாதிரி பொருந்தியது.

அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கொட்டகையே சேர்ந்து சிரித்தது.

"ஏண்டா, மத்த ஒன்பது விரலுக்கு?"

"அதெல்லாம் உன் சொந்த விரல்க்கா" என்று விதிமுறையை விளக்கினேன். "இது ஒண்ணுதான் கம்பெனியோடது."