ஒரு மீட்டர் தள்ளி நில்

புகைப்படம் எடுப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. அவர்களால் யாருக்கும் பெரிய தொந்தரவு கிடையாது. நாம் வாய் நிறையச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு படம் எடுப்பார்கள், அதோடு சரி. நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல. லென்ஸ் தேர்ந்தெடுப்பவர்கள் என்று இன்னோர் இனம் இருக்கிறது, அதைப் பற்றி. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கழுத்தில் அதே தோல் வார், அதே ஒற்றைக்கண் சுருக்கம், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தால் அதே பெருமூச்சு. ஒரே வித்தியாசம், முதல் இனம் படத்தை எடுத்துத் தொலைத்துவிடும்.

கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை ஐயா. அந்த இனத்தில் ஒருவருக்கு என் தங்கையையே கட்டிக் கொடுத்திருக்கிறேன். தங்கை கணவர் என்பதால் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்ட வாயால் முகத்துக்கு நேரே திட்ட முடிவதில்லை. அதனால்தான் உங்களைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்கிறேன்.

இத்தனைக்கும் மாப்பிள்ளை முடிவெடுக்கத் தெரியாத ஆள் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. அடிபட்ட கார்களைப் பட்டறைக்குப் போய்ப் பார்த்து, எவ்வளவு சேதம், தேறுமா தேறாதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டியை ஒரு சுற்று சுற்றுவார், ஆபீஸில் கொடுத்த ஃபோனை எடுத்து முன்னால் நாலு, பின்னால் நாலு, நம்பர் பிளேட் ஒன்று என்று டக் டக்கென்று தட்டுவார், முடிந்தது. பட்டறைக்காரர்கள் அவருக்கு 'அஞ்சு நிமிஷ சார்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் எடுத்த படத்தில் ஒரு கீறல் தெரியவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

இந்த அஞ்சு நிமிஷ சார்தான் ஒரு லென்ஸ் வாங்க ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார்.

முதலில் அவர் வாங்கியது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா. டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது, தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எனக்கு வந்துவிட்டது. இதில் தானாக ஃபோகஸ் ஆகிற வசதியெல்லாம் கிடையாது. சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு கட்டத்தில் எதிரில் நிற்பவர் இரண்டு ஆளாகத் தெரிவார், லென்ஸைத் திருகித் திருகி அந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக ஆக்க வேண்டும், ஆக்கி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் எதிரில் அந்த ஒரு ஆளும் இருக்க மாட்டார். இதற்குத்தான் அவ்வளவு விலை. தானாக எல்லாம் செய்யும் கேமராவில் மனுஷனுக்கு என்ன வேலை என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். படம் எடுக்கிற வேலை இருக்குமே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

லென்ஸ் விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது என்று சொல்லிவிட்டார். வாய்க்கு மூடி போட்ட கேமரா கூடத்து அலமாரியில் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை எடுத்து மெல்லிய துணியால் துடைப்பார், காதோரம் வைத்து ஷட்டரை ஒரு தட்டு தட்டுவார், சத்தம் எப்படி மச்சான் என்று என்னைக் கேட்பார். நானும் தலையை ஆட்டி, பிரமாதம் என்பேன். தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டுமே.

சரி, எதற்காக இவ்வளவு தவம்? வேகமான லென்ஸுக்காக. வேகம் என்றதும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள், அது இருந்த இடத்தில்தான் இருக்கும். மங்கல் வெளிச்சத்திலும் படம் பிடிக்கக்கூடிய லென்ஸுக்கு அப்படிப் பெயர். அதற்கு ஓர் எண் உண்டு. எண் இறங்க இறங்க வெளிச்சம் நிறைய உள்ளே போகும், கூடவே எடை ஏறும், விலை ஏறும், படத்தில் தெளிவாக விழுகிற பகுதி மட்டும் இளைத்து இளைத்து ஒரு விரல் கனத்துக்கு வந்து நிற்கும். மாப்பிள்ளையின் உலகத்தில் மனிதர்களுக்கும் இந்தக் கணக்குதான். 2 வைத்திருப்பவன் பாவம். 1.4 வைத்திருப்பவன் பரவாயில்லை. 1.2 வைத்திருப்பவன் ரசிகன். 0.95 என்று சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல.

இந்த இனத்துக்கென்று பேச்சு தனி. ஒரு லென்ஸ் நன்றாக இல்லை என்றால் அதற்குக் 'குணம்' இருக்கிறது என்பார்கள். ரொம்ப நன்றாக இருந்தால் உயிர் இல்லை என்பார்கள். உலகமெங்கும் உள்ள இவர்களின் சொந்தக்காரர்கள் லென்ஸைச் சோதிக்கச் செங்கல் சுவரைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போடுவார்கள், மாப்பிள்ளை அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூலையில் இருக்கும் செங்கலுக்குப் போய்விடுவார், போய் அங்கே அரைமணி நேரம் இருப்பார், திரும்பி வந்து 'ஓரம் கொஞ்சம் இழுக்குது' என்பார். நான் உங்களைக் கேட்கிறேன், பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரு படத்தின் மூலையில் இருந்த செங்கலை நீங்கள் பார்த்ததுண்டா? அதைப் பார்த்து மனம் உடைந்ததுண்டா?

இப்படி எட்டு மாதம் போனது. அந்த எட்டாவது மாதத்தில் வாண்டுக்குப் பல் விழுந்தது.

வாண்டு என் தங்கை மகள். ஆறு வயது. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவு திறந்த வீடு மாதிரி இருக்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதே வயதில் இதே இரண்டு பல் விழுந்து என் தங்கை சிரித்த படம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அவள் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, இரண்டு படம் வைக்கக்கூடிய சட்டம் ஒன்று வாங்கி, இடது பக்கம் தன்னை வைத்துவிட்டு, வலது பக்கத்தைக் காலியாக விட்டு, கூடத்துச் சுவரில் மாட்டினாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரே ஒரு படம். புதுப்பல் வருவதற்குள்.

அவளே தன் ஃபோனில் எடுத்திருக்கலாம். அதன் கண்ணாடி கீறிப்போய் எல்லாம் புகைமூட்டமாக விழும் என்றாலும் எடுத்திருக்கலாம். நானும் ஞாயிறு தவறாமல் போகிறேனே, நான் எடுத்திருக்கலாம். ஃபோனைத் தூக்கவும் செய்தேன். மாப்பிள்ளை பதறிப்போய் என் கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் மச்சான். வாழ்க்கையில ஒரு தடவை வர்ற சிரிப்பு. அதப் போய் ஃபோன்ல எடுத்து அசிங்கப்படுத்தணுமா? நான் எடுத்துத் தர்றேன்."

என்ன உருக்கம்! நான் ஃபோனைப் பைக்குள் வைத்தேன். தங்கையும் நம்பினாள். அந்த அளவுக்கு எங்களுக்கும் இதில் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை.

மாப்பிள்ளை வேகமானார். அதாவது, வேகமாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். ஒரு மாதம். 1.4 போதும் என்று திங்கட்கிழமை சொன்னார், கூடத்தில் வெளிச்சம் போதாது என்று புதன்கிழமை சொன்னார், பல்பை மாற்றினால் என்ன என்று தங்கை கேட்டதற்கு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில் 0.95 வந்தது. அரைச் செங்கல் கனம். கேமராவில் மாட்டியதும் பார்க்கும் ஜன்னலின் வலது கீழ் மூலையை அதுவே மறைத்தது. அதுவும் குணம்தானாம்.

அப்புறம் என்ன, உடனே எடுத்துவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவே இல்லை. லென்ஸ் வந்தால் சோதிக்க வேண்டாமா? சாப்பாட்டு மேஜையில் பேட்டரிகளைச் சாய்வாக வரிசை கட்டி நிறுத்தி எடுத்தார். ஸ்கேலைப் படுக்கவைத்து எடுத்தார். பத்து நாள் அந்த வீட்டில் எல்லோரும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். அதன்பிறகு, உயிருள்ள பொருளில் சோதிக்கும் கட்டம் வந்தது. வீட்டில் இமைமுடி நீளமாக உள்ள உயிர் வாண்டு ஒன்றுதான்.

அந்த லென்ஸ் ஒரு மீட்டருக்குள் வருகிற எதையும் பிடிக்காது. தரையில் ஒரு மீட்டரை அளந்து கறுப்பு டேப் ஒட்டினார். வாண்டு அதில் கால் வைத்து நிற்க வேண்டும். பல் விழுந்த இடத்தில் நாக்கை நீட்டிக் காட்ட அது பாவம் அப்பாவின் மூக்கு வரை ஓடிவரும், அவர் ஒரு மீட்டர் தள்ளி நில் என்று விரட்டுவார். சிரித்தால் அதுவும் தப்பு. சிரித்தால் கண் இடுங்குகிறது, இமைமுடி தெரியவில்லை, தெரியாவிட்டால் ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்று எப்படிப் பார்ப்பது? அதனால் வாயை மூடச் சொன்னார். மூன்று வாரம் அந்தப் பிள்ளை டேப்பில் நின்று, வாயை மூடிக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தது. நல்ல படம் எப்போது எடுப்பீர்கள் என்று தங்கை கேட்டபோதெல்லாம், இன்னும் இரண்டு நாள், கை பழகிவிட்டது என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிறு நான் போனபோது வாண்டு எனக்கு வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு பல்லும் அரிசிமணி அளவுக்கு எட்டிப் பார்த்துவிட்டன.

தங்கை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அவர் எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றிலும் இடது கண்ணின் இமைமுடியை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். மூக்கு நுனியிலிருந்தே மங்கல். வாய் இறுக மூடியிருந்தது. மூன்றே மூன்றில் வாண்டு அடக்க முடியாமல் சிரித்துவிட்டிருந்தாள். அந்த மூன்றிலும் தலையைப் பின்னால் சாய்த்திருந்ததால் வாய் இருந்த இடத்தில் பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பின்னால் நின்று, அந்த மங்கல் எவ்வளவு மென்மையாக விழுந்திருக்கிறது பார் என்று ஆரம்பித்தார். தங்கை திரும்பிப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டார்.

"இமைமுடியெல்லாம் எண்ணிட்டேங்க. ரொம்ப நல்லாருக்கு. எனக்கு அவ சிரிச்ச படம் ஒண்ணு வேணும், அவ்வளவுதான் கேட்டேன்" என்றாள். எனக்கு அவரை அந்த லென்ஸாலேயே ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

அப்போது வாண்டு சொன்னாள், சிவப்புக் கார் பக்கத்தில் அப்பா ஒன்று எடுத்தாரே என்று.

எந்தச் சிவப்புக் கார் என்று யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. பிள்ளையைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது: பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், தங்கைக்கு வெளியே வேலை இருந்ததால், மாப்பிள்ளை அவளைப் பட்டறைக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஆபீஸ் ஃபோனை வாங்கி நான் தள்ளிக்கொண்டே போனேன். நசுங்கிய கதவு, நசுங்கிய பம்பர், நம்பர் பிளேட், மறுபடி நசுங்கிய கதவு. இருநூறு சேதத்துக்கு அப்புறம் வந்தது. லாரியில் முட்டிய ஒரு சிவப்புக் கார். முன்பக்கக் கிரில்லின் நடுவில் இரண்டு பட்டை உடைந்து ஓட்டையாக இருக்கிறது. அந்த ஓட்டையைக் கையால் காட்டிக்கொண்டு, அதன் பக்கத்தில் தன் வாயையும் திறந்து காட்டி, உடம்பெல்லாம் குலுங்கச் சிரிக்கிறாள் வாண்டு. பல் விழுந்த இடம், நாக்கு, கன்னத்துக் குழி, காரின் நம்பர், பின்னால் தொங்கும் டயர், எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. பட்டறை மூலையில் ஒரு செங்கல் சுவர்கூட இருக்கிறது. மூலைச் செங்கல்வரை தெளிவு.

மாப்பிள்ளை ஃபோனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இத நானா எடுத்தேன்?"

"நீங்கதாம்பா எடுத்தீங்க" என்றாள் வாண்டு. "அன்னிக்கு உங்ககிட்ட கேமரா இல்ல."

மாப்பிள்ளை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார், கண் கலங்கிவிட்டது. ஐயோ பாவம், மனுஷன் திருந்திவிட்டார் என்று நான் தண்ணீர் எடுத்துவரப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் ஃபோனைப் புரட்டி அதன் முதுகில் இருந்த சின்னக் கண்ணாடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது 1.8-தான் போல. 1.8-லயே இப்படியா விழுது மச்சான்?" என்றார்.

தங்கை அவர் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போனாள். படம் இப்போது சட்டத்தின் வலது பக்கத்தில், காரின் நம்பரோடு, மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளை 0.95-ஐ விற்றுவிட்டு 1.4 வாங்குவதா என்று யோசித்து வருகிறார். அவசரம் ஒன்றும் இல்லை என்கிறார். புதுப்பல் பாதி வளர்ந்துவிட்டது. அப்பா கூப்பிட்டால் வாண்டு இப்போதும் ஓடித்தான் வருகிறாள், ஓடி வந்து, யாரும் சொல்லாமலே அந்தக் கறுப்பு டேப்பில் நின்றுவிடுகிறாள். கேமரா அவர் கையில் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நீங்கள் மாப்பிள்ளையை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்குக் கேமராவே கிடையாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அதெல்லாம் சரி, கடைசியில் 1.4 நல்லதா, 0.95 நல்லதா, அதை ஒரு வரி சொல்லிவிட்டு முடித்திருக்கலாமே என்று உங்களுக்கு இப்போது ஒரு சின்ன அரிப்பு இருக்கிறதா, இல்லையா? இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, கொஞ்சம் தலையைத் தூக்கி, உங்கள் வீட்டில் உங்களிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.