ஸ்டியரிங் பாக்ஸுக்கு நான் கட்டிய எருமைத்தோல்

செய்தது முட்டாள்தனம் என்று ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். இரண்டும் வேறு வேறு என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் இன்றுவரை புரியவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் திமிரில்தான் பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்றை வாங்கினேன். (வீட்டுக்குத் தேவைப்பட்டது வாஷிங் மெஷின்.) நன்றாகத்தான் ஓடியது. நிறுத்திய இடத்தில் மட்டும் சிவப்பாக எண்ணெய் சொட்டியது. வாசலில் கோலம் போட இடமில்லாமல் போனதும், என் கணவரின் அக்கா குமுதா அண்ணி ஒரு பழைய இரும்புக்காரரைப் பிடித்துவிட்டார்.

“திங்கக்கெழம வந்து எடுத்துக்கறானாம். குடுத்துட்டு நிம்மதியா இரு,” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “ஞாயித்துக்கெழம உங்க எல்லாரையும் இதே வண்டில ஏலகிரி கூட்டினு போறேன் அண்ணி. மேல போய்ச் சேரலைன்னா தாராளமா குடுத்துடுங்க. சேந்துட்டா, விக்கற பேச்சே எடுக்கக் கூடாது.”

சொல்லிவிட்டுத்தான் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். சக்கரத்தைத் திருப்பிவிடும் ஸ்டியரிங் பாக்ஸின் அடியில் எண்ணெய் முத்து முத்தாகத் தொங்கியது. கண்டுபிடித்துவிட்டேன்! தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரஃபீக் பாய் குனிந்து பார்த்தார்.

“சொட்டற எடம் வேற, லீக்காவற எடம் வேற மா. எல்லாத்தையும் நல்லா தொடச்சி, பவுடர் தூவிட்டு, இஞ்சின ஓடவுட்டு ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் திருப்பச் சொல்லு. மொதல்ல எங்க ஈரமாவுதோ, அங்கதான் கோளாறு.”

“தெனம் நூத்துக்கணக்குல கோளாறு கண்டுபிடிக்கறவ பாய் நான்,” என்றேன். (இதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

அடுத்து நான் செய்ததை வேறு ஊர்க்காரர் யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் சைக்கிள் சீட் கிழிந்தால் தோல், கதவு ஆடினால் இடுக்கில் தோல். கம்பெனியில் கழித்துப்போட்ட தடித்த எருமைத்தோல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஷூவுக்கு அடி ஒட்டும் பசையைத் தடவி, ஸ்டியரிங் பாக்ஸைச் சுற்றிக் கம்பி போட்டு இறுக்கினேன். இரண்டு நாள் அதிலேயே வேலைக்குப் போய்வந்து, செய்தித்தாள் விரித்து வண்டியை அதன்மேல் நிறுத்தினேன். ஒரு சொட்டு இல்லை. அந்தத் தாளை அண்ணி கையிலேயே கொடுத்தேன்.

ஞாயிறன்று நான் ஓட்ட, பக்கத்தில் அண்ணி, பின்னால் கணவரும் சாப்பாட்டுக் கேரியரும். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி முனகியது. ஐந்தாவதில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தால், ஸ்டியரிங்கை லேசாக்கும் எண்ணெயின் டப்பா காலி. தோல் மட்டும் ஊறிய வடை மாதிரி உப்பியிருந்தது. ஒழுகியது நிற்கவே இல்லை. இத்தனை நாளும் அதைத் தோல் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வயிறு நிறைந்ததும் மிச்சத்தை மலைப்பாதையில் விட்டுவிட்டது.

“திரும்பிடலாமே,” என்றார் கணவர்.

“மேல போறோம்,” என்றேன். (திரும்புவதற்கும் அதே ஸ்டியரிங்கைத்தானே சுற்ற வேண்டும்!)

அடுத்த வளைவில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். வண்டி பாதியில் குறுக்காக நின்றது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அண்ணி தலையை வெளியே நீட்டினார்.

“இன்னாய்யா, பொம்பள ஓட்னா பொறுக்க மாட்டியா?”

கத்திவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தானும் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். நான் இழுக்க, அவர் தள்ள, வண்டி திரும்பியது. மீதி வளைவுகள் எல்லாம் அப்படியேதான். “இழு... இழு... வுடாத!” என்று அவர் போட்ட சத்தத்தில் குரங்குகள் வழிவிட்டன.

மேலே போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட எங்கள் இருவருக்கும் கையில் தெம்பில்லை. கணவர் மெதுவாகக் கேட்டார்: “அந்த இரும்புக்காரனுக்கு போன் போடட்டுமாக்கா?”

அண்ணி அவரை முறைத்த முறைப்பு! “இன்னாடா பேசற? நான் கையால இழுத்துட்டு வந்த வண்டிடா இது. எவன் வந்து கேக்கறான்னு பாக்கறேன்.”

எனக்கு அழுகையே வந்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போன் போட்டதும் ரஃபீக் பாய் பவுடர் டப்பாவோடு பைக்கில் வந்தார். துடைத்து, தூவி, எண்ணெய் ஊற்றி இஞ்சினை ஓட்டினார். ஸ்டியரிங்கை இரண்டு சுற்றுச் சுற்றியதும், மேலே பம்பிலிருந்து கிளம்பும் ஹோஸின் மூட்டில் ஈரம் தெரிந்தது. அங்கே கசிந்ததுதான் ஹோஸ் வழியாக இறங்கிக் கீழே சொட்டியிருக்கிறது. புது ஹோஸ் போட்ட பிறகு இன்றுவரை ஒழுகவில்லை. என் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, “இத்த பிழிஞ்சா இன்னொரு வண்டிக்குத் தேறும் மா,” என்றார் பாய்.

இப்போது வீட்டில் குழாய் சொட்டினாலும் சரி, பால் பாக்கெட் ஒழுகினாலும் சரி, “தோல் கட்டட்டுமா?” என்று கேட்காமல் என் கணவருக்குத் தூக்கம் வராது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கல்யாண வீடுகளில் அண்ணி இந்தக் கதையைச் சொல்லும்போது அத்தனை வளைவையும் அவர் ஒருவரே திருப்புகிறார். அவர் கதையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன்.

நான் அழவே இல்லை. எழுத்திலேயே இருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.