சரசு மெஸ் பிரைவேட் லிமிடெட்

முட்டாள்தனத்தில் படித்தது, படிக்காதது என்று இரண்டு வகைதான் உண்டென்று நினைத்திருந்தேன். நான் செய்தது மூன்றாவது வகை. ஆடிட்டரைக் கேட்டு, பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டு, கல்கத்தா வரை அனுப்பி, சான்றிதழ் வாங்கிச் செய்த முட்டாள்தனம்.

சுனாமியில் நிக்கோபாரின் கச்சால் தீவில் இருந்த எங்கள் வீடு போனபின், நானும் என் கணவர் செல்வமும் போர்ட் பிளேயருக்கு வந்து, பத்துபஸ்தியில் ஒரு தகரக் கொட்டகையில் 'சரசு மெஸ்' ஆரம்பித்தோம். (சரசு நான்தான்.) நாலு வருஷத்தில் மத்தியானம் உட்கார இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம். அப்போது வீடு கட்டித் தரும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனம், தன் வேலையாட்களுக்கு கேன்டீன் நடத்த ஆள் தேடியது. ஒரே நிபந்தனை, பதிவு செய்த கம்பெனியாக இருக்க வேண்டும்.

"நமக்கெதுக்குடி கம்பெனி கிம்பெனி? சோறு போடுறோம், காசு வாங்குறோம்" என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. காரணம், சென்னை ஆடிட்டர் போனில் சொன்ன ஒரு வாக்கியம்.

"லிமிடெட் கம்பெனின்னா, நாளைக்கு வியாபாரம் நொடிச்சாலும் கம்பெனியைத்தான் கேக்க முடியும். உங்க வீட்டைத் தொட முடியாதும்மா."

வீட்டைத் தொட முடியாது! கடலுக்கு அந்தச் சட்டம் தெரியாது. மனுஷர்களுக்காவது தெரிந்திருக்கிறதே! அன்றே சரி என்றுவிட்டேன். நான் ஒரு டைரக்டர், அவர் ஒரு டைரக்டர். (பதவியேற்ற நேரத்தில் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.)

கல்கத்தாவில் இருக்கும் கம்பெனிப் பதிவு ஆபீஸிலிருந்து சான்றிதழ் வந்ததும் ஆடிட்டர் இன்னொன்றும் சொன்னார். கம்பெனியின் முழுப்பெயரை வாசலில் எழுதி மாட்ட வேண்டும், அது சட்டம். சட்டம் இரண்டடி கேட்டால் பத்தடி கொடுப்பவள் நான். தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் எழுத வைத்தேன். பெங்காலி பெயின்டருக்குத் தமிழ் தெரியாது. கடைசி வரியில் இடம் நிறைய இருந்ததால், தனியாக விழுந்த 'லிமிடெட்'டை எருமை சைஸில் எழுதிவிட்டார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

போர்டு மாட்டிய அன்றே கான்ட்ராக்ட் நிறுவனத்து மேனேஜர் ராவ் சார் வருவதாக ஏற்பாடு. ரஷ் நேரத்தில் எப்படிச் சமாளிக்கிறோம் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வழக்கமான ஆட்கள் வந்தார்கள். போர்டை அண்ணாந்து பார்த்தார்கள். திரும்பிப் போனார்கள். நம் உயர்வைப் பார்த்து மரியாதையில் தயங்குகிறார்கள் என்று நினைத்தேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.) இந்திக்கார டிரைவர் ஒருவர், "பிரைவேட் ஹை பாய், அந்தர் மத் ஜானா" (இது தனியார் இடம், உள்ளே போகாதே) என்று நண்பரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

பன்னிரண்டரைக்கு ராவ் சார் வந்தார். சோறு ஆவி பறக்கிறது, பெஞ்சுகள் காலி.

"சரசம்மா, ரஷ் கிதர் ஹை? கூட்டம் எங்கே?"

வெளியே ஓடினேன். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில், நாலு வருஷமாக என் கையால் சாப்பிட்ட முனியாண்டி அண்ணன் பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தார்.

"ஏண்ணே, சாப்பிட வரல?"

"நீதான் லிமிடெட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டியே தங்கச்சி. லிமிடெட் மீல்ஸுன்னா ஒரு கிண்ணம் சோறுதான? ரெண்டாவது தடவ கேட்டு அசிங்கப்படவா?"

"ஐயோ அண்ணே, அது சோத்துக்கு இல்ல, கடனுக்கு!"

"அடிப்பாவி, இனிமே கடனும் கிடையாதா?"

கம்பெனிச் சட்டத்தை உச்சி வெயிலில் விளக்க முடியாது. உள்ளே போய் பெயின்டர் விட்டுப்போன சிவப்புப் பெயின்டை எடுத்தேன். ஸ்டூலில் ஏறி, 'லிமிடெட்'டுக்குக் கீழே, எருமையை விடப் பெரிதாக எழுதினேன்: சோறு அன்லிமிடெட். பட்டுப்புடவையில் பாதிப் பெயின்ட். இந்திக்காரர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்: "கானா அன்லிமிடெட்! சப் ஆவோ!"

வந்தார்கள். ஸ்டாண்டே வந்தது. ஒரு மணி நேரம் பட்டினி போட்ட கோபத்தையும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். மரியாதைக்காகக் கடைசிப் பந்தி வரை காத்திருந்த ராவ் சாருக்கு, அண்டாவின் அடிதான் மிச்சம். டைரக்டர் செல்வம் பணிவோடு ஒரு வாழைப்பழமும் இரண்டு அப்பளமும் கொண்டு வைத்தார்.

"ரஷ் பாத்தாச்சு. கானாதான் பாக்கல" என்று சொல்லிவிட்டு ராவ் சார் ஜீப் ஏறினார். கேன்டீன் வேறு யாருக்கோ போனது.

சாயங்காலம் ஆடிட்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அலறினார்.

"அன்லிமிடெட்னா சட்டத்துல வேற வகைக் கம்பெனிம்மா! கடன்காரன் வீடு வரைக்கும் வருவான். உடனே அழிங்க!"

அதுவரை அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"சார், கடன் லிமிடெட். சோறு அன்லிமிடெட். ரெண்டும் என் வாசல்லதான் இருக்கும். கல்கத்தாவுல யாராவது கேட்டா, வந்து சாப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

இதுவரை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இரண்டு வரிகளுக்கும் புதுப் பெயின்ட் அடிக்கிறேன்.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு அன்றிலிருந்து என் கணவர் 'லிமிடெட் மாமா', நான் 'அன்லிமிடெட் அத்தை'. அது என் வாய்க்கு வைத்த பெயர் என்கிறார் அவர். பரிமாறும் கைக்கு வைத்த பெயர் என்கிறேன் நான். இந்த விஷயத்தில் கம்பெனியின் டைரக்டர்கள் இருவருக்கும் இன்றுவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.