நங்கூர ஒழுங்கைக்காக நான் இறந்த விபரம்

நங்கூர ஒழுங்கை, துறைமுக வீதி,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை, பூசை கண்டு வந்து எழுதுவது

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா திரேசம்மாவுக்கு, தம்பி பஸ்தியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு நான் நல்ல சுகம். மற்றவர்கள் இந்த வரியைக் கடித முறைக்காக எழுதுவார்கள், நான் ஆதாரமாக எழுதுகிறேன். நான் சாகவில்லை அக்கா. புதன்கிழமை தொடக்கம் உங்களுக்கு வட்ஸ்அப்பில் எடுக்கிறேன், நீங்கள் எடுக்கிறீர்களில்லை. என் பெயர் திரையில் விழுந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு வெட்டிவிடுகிறீர்களாம், உங்கள் மகள் சொன்னாள். என் ஆத்துமத்துக்குக் கனடாவில் பூசையும் ஒப்புக்கொடுத்துவிட்டீர்களாம். மிக்க நன்றி. ஆனால் ஆத்துமம் இன்னும் உடம்பைவிட்டு இறங்கவில்லை, குசினியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறது. ஓட்டோ யோகலிங்கத்தின் தங்கை நாளைக்குக் கனடா திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தாவது நம்புங்கள். இவ்வளவு கோணலாக ஆவிகூட எழுதாது.

எல்லாம் உங்கள் மருமகள், என் மகள் சுலக்ஷனாவால் வந்தது. அவள் கணக்காளராகி நல்ல கந்தோரில் இருக்கிறாள், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இரண்டு வருடமாக அவள் ஒரு சங்கத்துக்கும் செயலாளர். ‘திருகோணமலை இளம் தொழில்வாண்மையாளர் மன்றம்’ என்று பெயர். தலைவர் அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கும்போது கூட்டத்துக்கு வந்தவனுக்கு ஒரு கொட்டாவி வந்துபோய்விடும். இஞ்சினியர், பல் டொக்டர், கம்பியூட்டர்ப் பொடியன், இராகுலன் என்ற சட்டத்தரணி, எல்லாம் படித்த பிள்ளைகள், ஒன்றும் குறைசொல்ல ஏலாது. நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் எல்லோருக்கும் வீடு, இருந்தும் கூட்டம் வைப்பது சூமில். மகள் முன்னறையில் இருந்து, “எல்லாருக்கும் என்ர குரல் கேக்குதோ?” என்பாள். பக்கத்து வீட்டு யன்னலால் இராகுலனின் பதில் வரும். அது கம்பியூட்டரில் வருவதற்கு முந்தியே எனக்குக் கேட்டுவிடும். நகரத்து விடயங்களில் இளையவர்களின் குரல் பொதுவில் ஒலிக்கவேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. ஒரு அறிக்கையில் ‘கவலை’ என்று போடுவதா ‘ஆழ்ந்த கரிசனை’ என்று போடுவதா என்று மூன்று கூட்டம் நடந்தது அக்கா. முடிவில் ‘ஆழ்ந்த கவலையுடன்கூடிய கரிசனை’ என்று போட்டார்கள். பத்திரிகையில் அது வந்தது, வேறொரு சங்கத்தின் படத்தோடு.

இதுவரை சிரிப்பு, இனிக் கேளுங்கள். எங்கள் நங்கூர ஒழுங்கை உங்களுக்கு நினைவிருக்கும். துறைமுக வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் அந்த ஒடுங்கிய பாதை. அதால்தான் நாங்கள் குளிக்கப் போனோம், அதால்தான் இன்றைக்கும் ஒழுங்கைச் சனம் வலையையும் என்ஜினையும் தோளில் வைத்துத் தோணிக்கு இறங்குகிறது. அந்த இடத்தை ஒரு ஹோட்டல் கம்பனி கேட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் வேலி போட்டு, வாசலில் ஆள் வைத்து, உள்ளே வெள்ளைக்காரர் நண்டு தின்னவாம். வேலித் தூண்கள் அனுமதிக்கு முந்தியே நட்டாயிற்று. ஆட்சேபனை இருந்தால் புதன்கிழமை விசாரணையில் சொல்லலாம், கொழும்பிலிருந்து அதிகாரி வருவார், சனம் வராவிட்டால் ஊருக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொண்டு போவார். பாதை போனால் எங்கள் சனத்துக்குக் கடல் போச்சு. தோணியை வீதியிலா விடுவது?

இதில் மன்றம் உண்மையாகவே பாடுபட்டது, பொய் சொல்லக்கூடாது. ஆட்சேபனையை ஒழுங்கையில் பிறந்து ஒழுங்கையிலேயே இருக்கும் ஒருவரின் பெயரில் போடவேண்டும் என்று இராகுலன் சொல்லி, என் பெயரில் போட்டார்கள். பேஸ்புக்கில் படம் போட்டார்கள், வீடியோ போட்டார்கள். உலகம் முழுக்க விருப்பக்குறி விழுந்தது, நீங்களும் போட்டீர்கள். அந்தத் தைரியத்தில் சனத்தைத் தயார்ப்படுத்த ஒரு முன்கூட்டம் வைத்தார்கள். வந்தது கமிட்டியும், ரீ குடிக்கப் போன நானும்தான். அன்றைக்கு மகள் வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தாள். சாப்பிடவில்லை. காலையில் வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“பப்பா, நீங்கள் ஒருக்கா ஒலிபெருக்கியில சொல்லுவீங்களோ?”

அக்கா, நான் இதை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் என்ன சொன்னாள் தெரியுமா? “வேண்டாம் பப்பா, உங்கட குரலைக் கேட்டாச் சனம் செருப்பைக் கழட்டிப்போட்டு எழும்பி நிக்கும்” என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் நான் ஓட்டோவில் மைக் பிடித்து எத்தனை அறிவித்தல் செய்தேன்! கோயில் திருவிழா, கால்பந்துப் போட்டி, புடவைக் கடைக் கழிவு விற்பனை எல்லாம் சொன்னேன். சனத்தின் காதில் நின்றது மரண அறிவித்தல் மட்டும்தான். காஸ் சிலிண்டருக்குக் கடைக்குப் போன் எடுத்தாலும் அவன் குரலைத் தாழ்த்தி, “ஆர் அண்ணை போனது?” என்றுதான் கேட்கிறான்.

சரி, மன்றம் எழுதித் தந்த கடுதாசியை வாங்கினேன். ‘கடலோர அணுகல் உரிமையின்பாற்பட்ட பங்கேற்புச் சனநாயகச் செயன்முறை’ என்று தொடங்கியது. யோகலிங்கத்துக்கு வாசித்துக் காட்டினேன். “அண்ணை, இது என்ன வருத்தத்துக்குப் போடுற மருந்து?” என்று கேட்டான். ஓட்டோ ஓடுகிறவனுக்கே விளங்காதது ஓட்டோவின் பின்னால் நிற்கிறவனுக்கு எப்படி விளங்கும்? ஆகவே கொஞ்சம் செப்பனிட்டேன். சட்டப்படி பெயர், நாள், நேரம், இடம் வரவேண்டும் என்று இராகுலன் சொன்னதை மட்டும் விடவில்லை. மைக்கை வாயருகே பிடித்ததும் நாக்கு தனக்குத் தெரிந்த பாதையால் போய்விட்டது. “திருகோணமலை நங்கூர ஒழுங்கையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட அந்தோனி பஸ்தியாம்பிள்ளை அவர்களின் ஆட்சேபனை, புதன்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் சமூக மண்டபத்தில் எடுத்துக்கொள்ளப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.” இதில் என்ன பிழை சொல்லுங்கள்? ஒரு சொல் பொய்யில்லை. யோகலிங்கம் இடையிடையே விட ஒரு வயலின் இசையும் போட்டான். அவனுடைய பென்ட்ரைவில் இருப்பது அந்த ஒரு வயலின்தான், அதுவும் எந்த வீட்டுக்குப் போடுகிற வயலின் என்று ஊருக்குத் தெரியும்.

மரண அறிவித்தலை எங்கள் சனம் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குரல் கேட்டதும் றேடியோவைக் குறைப்பார்கள். ஊர், பெயர், நாள், இடம், இவ்வளவும் காதில் விழுந்தால் போதும், நடுவில் உள்ளதை யாரும் கேட்பதில்லை, ஐயோ என்று தொடங்கிவிடுவார்கள். செவ்வாய் இரவே நான் பதிந்து கொடுத்த அறிவித்தலை யோகலிங்கம் புதன் காலையில் ஓட்டோவில் ஊரைச் சுற்றிப் போட்டான். என் பெயரை என் குரலே சொல்கிறதே, அப்படியென்றால் நான் உயிரோடு இருக்கவேண்டுமே என்று ஒருவராவது யோசிக்கவேண்டாமா? யோசித்தார்களாம் அக்கா. பலசரக்குக் கடை ஹஸன் அதற்கும் விளக்கம் வைத்திருந்தானாம். “அந்த மனிசன் முந்தியே பதிஞ்சு வெச்சிருப்பாரு. வேற ஆக்கள்ட குடுத்தா பிழையா வாசிச்சிருவாங்க எண்டு அவருக்குப் பயம்” என்றானாம். ஊர் முழுக்க அதை ஒப்புக்கொண்டது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் அப்போது ஊரில் இல்லை. மண்டபத்துக்கு வந்தால் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று மகள் என்னை வரவேண்டாம் என்றுவிட்டாள். அந்தக் கோபத்தில் நான் காலை பஸ்ஸில் மூதூருக்கு, பழைய சிநேகிதன் அபூதாஹிர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டேன். போன் அலுமாரிக்கு மேல் சார்ஜில் கிடந்தது. அபூதாஹிரின் மனைவி வைத்த மீன் ஆணத்தில் நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது. முகம் கறுத்து, “இன்னாலில்லாஹி” என்றான். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். “என்ன வாப்பா கதைக்கிற? மௌத்தாப் போன மனிசன் இஞ்ச மீன்தலையச் சப்பிட்டு இரிக்காரு!” என்று போனுக்குள் கத்தினான். அந்தப் பக்கத்தில் இருந்தவர் நம்பவில்லை. அபூதாஹிருக்குத் துக்கத்தில் மூளை தட்டிவிட்டது என்று அழைப்பை வைத்துவிட்டாராம். மகளின் நம்பர் அலுமாரிப் போனில்தான் கிடக்கிறது, ஆகவே நான் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

மண்டபத்தில் நடந்ததை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மண்டபம் கொள்ளவில்லை அக்கா! வாசல், மதில், வீதி முழுக்கச் சனம். எல்லோரும் வெள்ளை உடுப்பு. ஒழுங்கைப் பொடியன்கள் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்ட இடம் தேடி, வசதியாக நின்ற ஹோட்டல்காரரின் வேலித் தூண்களிலேயே வரிசையாகக் கட்டிவிட்டார்கள். அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தாராம். வந்தவரை யாரும் திட்டவில்லை, கோஷம் போடவில்லை. பிரேதம் வரும்வரை மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள். அவர் அப்படி ஒரு எதிர்ப்பை எங்கும் கண்டதில்லையாம், அடிக்கடி தண்ணீர் குடித்தாராம். மகளின் கையைப் பெண்கள் வந்து வந்து பிடித்தார்கள், மன்றத்துக்கு இவ்வளவு ஆதரவா என்று அவள் உருகிப்போய் நின்றாள். இரவு நித்திரை இல்லாமல் சிவந்திருந்த அவளுடைய கண்ணைப் பார்த்து அவர்கள் மேலும் அழுதார்கள். பிறகு அவள் திரையில் ‘ஆட்சேபனையாளர்’ என்று என் படத்தைப் போட்டாள். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. அதிகாரியும் எழுந்து நின்றார். கம்பனியின் சட்டத்தரணி இருப்பதா எழும்புவதா என்று பார்த்துவிட்டு அவரும் நின்றார். எழுந்தவர்கள் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. அதிகாரி நின்றபடியே, ஒரு மாதத்துக்கு ஒன்றும் கட்டக்கூடாது, மறு விசாரணையில் தீர்ப்பு, இதே அளவு சனத்துக்குப் பெரிய மண்டபம் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒரு கிழவி மகளின் கன்னத்தைத் தடவி, “அப்பாவை எத்தினை மணிக்குப் பிள்ளை கொண்டுவருவினம்?” என்று கேட்டிருக்கிறா. மகள் பதறிப்போய் என் போனுக்கு அடித்திருக்கிறாள், அலுமாரி எடுக்குமா? நான் பஸ்ஸால் இறங்கி வாசலுக்கு வரும்போது பிள்ளை செருப்பில்லாமல் ஓடி வருகிறாள். என்னைக் கண்டதும் முதலில் என் நெஞ்சில் இரண்டு அடி அடித்தாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். “இனி உங்களை வரவேண்டாம் எண்டு சொல்லமாட்டன் பப்பா” என்றாள். அக்கா, அவளுடைய அம்மாவை அடக்கம்செய்த அன்றைக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கும் கண்ணீர் வந்தது, மறைப்பானேன்.

ஒழுங்கைச் சனம் நேரில் கண்டதால் நம்பிவிட்டது. ஊர்ச் சனம் நம்பவில்லை. நேற்றுச் சந்தையில் ஒருவர் என் கையைப் பிடித்து, “நீங்கள் காலஞ்சென்ற பஸ்தியாம்பிள்ளையின்ர தம்பியோ? அச்சு அப்படியே இருக்கிறீங்கள்” என்றார். இங்கே உள்ளவர்கள் கண்ணால் கண்டதை நம்பமாட்டார்கள், கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தால் நம்புவார்கள். ஆகவே தயவுசெய்து, இக்கடிதம் கண்டவுடன் உங்கள் எல்லாக் குழுக்களிலும் ‘எனது தம்பி பஸ்தியாம்பிள்ளை உயிரோடு இருக்கிறார்’ என்று போடுங்கள். பூசையை நிறுத்துங்கள், அல்லது நன்றிப் பூசையாக மாற்றுங்கள். இதுதான் நான் உங்களிடம் கேட்பது.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் எல்லோரையும் குளிரிலும் பனியிலும் காத்து, என்னை நீங்கள் உயிரோடு ஒருமுறை பார்க்கக் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
உயிருள்ள தம்பி
அ. பஸ்தியாம்பிள்ளை

பி.கு.: அக்கா, உறையை ஒட்டப் போனேன், மகளும் இராகுலனும் வந்து கையைப் பிடித்தார்கள். மறு விசாரணைக்குத் திகதி தந்துவிட்டார்களாம். அது சரியாக என் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை அன்றைக்கு விழுகிறது. மன்றம் அவசரமாகக் கூடியது, சூமில் இல்லை, எங்கள் முன்னறையில். ‘கவலை’யா ‘கரிசனை’யா என்று யாரும் கேட்கவில்லை. மன்றத்தின் சரித்திரத்தில் முதல் முறையாக ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பூசை முடிய மதியச் சாப்பாடு, சாப்பாடு முடிய எல்லோரும் நேரே விசாரணை மண்டபத்துக்கு. நான் உயிரோடு இருப்பதைப் பற்றி ஒழுங்கைச் சனம் வாயைத் திறக்காது, தோணி அவர்களுடையது. அதுவரை நான் வளவை விட்டு வெளிக்கிடக்கூடாதாம். அறிவித்தலை யார் வாசிப்பது என்று கேட்டேன். “வேற ஆர் பப்பா? ஊரில உங்களை விட்டா ஆருக்கு ஏலும்?” என்றாள் உங்கள் மருமகள். ஆகவே மேலே கேட்டதெல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். குழுக்களில் ஒன்றும் போடாதீர்கள், பூசை நடக்கட்டும், மீசை வைத்த என் நல்ல படம் ஒன்று உங்களிடம் இருந்தால் நினைவு மலருக்கு அனுப்பிவையுங்கள். நான் போன் எடுத்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், சிலுவை போட்டுக்கொண்டு வெட்டிவிடுங்கள்.