மருந்தண்ணை மருந்து மாற்றிய கதை

மருந்தண்ணை வெடிமருந்து தேர்ந்தெடுத்த மாதிரி உலகத்தில் யாரும் எதையும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். மலரக்காவைப் பெண் பார்க்கப் போனபோது, தேத்தண்ணி ஆறுவதற்குள் சம்மதம் சொன்னவராம். தன் பிஸ்டலுக்கு மருந்து பார்க்க ஒரு முழுக் கோடையும் ஒரு முழு மாரியும் எடுத்தார்.

பிழைக்க வந்த ஐரோப்பிய ஊரான துன்னில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் எனக்கும் அவருக்கும் வேலை. எங்கள் ஆட்கள் கிரிக்கெட்டுக்குப் போகிற சனிக்கிழமைகளில் அவர் துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போவார். சுட்டுப்போட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிவந்து, வீட்டின் நிலவறையான கெலருக்குள் வைத்துப் புதிதாக மருந்தும் குண்டும் ஏற்றுவார். கையேட்டில் அவருடைய பிஸ்டலுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்த மருந்துகள் நாலைந்து. எதை எடுப்பது என்பதுதான் பிரச்சினை.

"தம்பி, வேகமா எரியிற மருந்து கடுகு மாதிரி. போட்ட உடன வெடிக்கும். ஆறுதலா எரியிறது வெங்காயம்."

"உங்களுக்கு எது வேணும் அண்ணை?"

"நடுவில ஒண்டு. உள்ளி மாதிரி."

அதற்குள் சட்டியில் கிடந்த உள்ளிப்பூண்டு கருகிவிட்டது. எங்கள் ஷெஃப் போட்ட சத்தத்துக்கு மருந்தே இல்லாமல் குண்டு பறந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நகரமான பேர்ணில் உள்ள கோயிலுக்கு ரயிலில் போனோம். மருந்தண்ணைக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது.

"பழைய மருந்து எனக்கு ஒத்துவரேல்லை தம்பி. கை சரியா உதறுது. கறுப்புக் கறுப்பா வேற வருது. இனியும் விட்டால் ஆபத்து. மாத்தத்தான் வேணும்."

எந்தக் கதையையும் எங்கள் ஆட்கள் முழுக்கப் பரப்பிவிடும் ராணியக்கா பின் இருக்கையில் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பேர்ணில் இறங்கி நாங்கள் ஒரு கோப்பி குடித்தோம். ராணியக்கா கோயிலுக்கு முந்திப் போக அந்த நேரம் போதும்.

கோயில் வாசலிலேயே ஒருவர் மருந்தண்ணையைக் கட்டிப்பிடித்து விம்மினார். ஐயர் அர்ச்சனைத் தட்டோடு வந்து நட்சத்திரம் கேட்டார். ராணியக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப என்ன மருந்து எடுக்கிறியள்?" என்றார்.

தன் ஆராய்ச்சியைப் பற்றி ஒருவராவது கேட்டாரே என்று மருந்தண்ணையின் முகம் மலர்ந்தது.

"இன்னும் முடிவெடுக்கேல்லை. நாலைஞ்சு வகை கெலருக்குள்ள வைச்சிருக்கிறன்."

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"டொக்டருக்கு இதில என்ன தெரியும்? எல்லாம் நானே நிறுத்துத்தான் போடுறன்."

ராணியக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அன்னதானத்துக்கு முன்னதாகவே வந்திருந்த மலரக்கா அகப்பையோடு ஓடிவந்தார். "கறுப்பா வருதெண்டு எனக்கேன் சொல்லேல்லை?"

"பிஸ்டலுக்கு மலர்! பிஸ்டலுக்கு!"

முதலில் சிரித்தவர் ஐயர்தான். பிறகு மண்டபமே சிரித்தது. மலரக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்கள் கெலருக்குள்ள இறங்கினால் நான் மேல நிண்டு, ஏதும் சத்தம் கேக்குதோ எண்டு காதைக் குடுத்துக்கொண்டு நிக்கிறன். தெரியுமோ? மறதியில ஒரு கோதுக்குள்ள இரண்டு தரம் மருந்து போட்டால் என்ன நடக்கும்?"

"பிஸ்டல்... கையில வெடிக்கும்."

"எந்த மருந்தெண்டால் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும்?"

மருந்தண்ணை விரல்விட்டு ஒவ்வொரு மருந்தாக எண்ணினார். உதறல், கரி, புகை, மணம் எல்லாம் பார்த்தவர் இதைப் பார்க்கவில்லை.

"ஒண்டு இருக்கு. அவல் மாதிரி உப்பலான தூள். ஒரு தரம் போட்டாலே கோது பாதிக்கு மேல நிரம்பும். ரெண்டாந்தரம் போட்டால் வெளியால கொட்டுண்ணும். ஆனால் அதில குறி கொஞ்சம் சிதறுது மலர்."

"சிதறட்டும்."

அவ்வளவுதான். ஒரு கோடையும் ஒரு மாரியும் முடிக்காத ஆராய்ச்சியை மலரக்கா ஒரே சொல்லில் முடித்துவிட்டு, சோறு பரிமாறப் போய்விட்டார். ராணியக்கா மட்டும் நம்பவில்லை. ஒரு கிழமை முழுக்க அவர் வீட்டிலிருந்து முருங்கையிலைச் சூப் வந்தபடி இருந்தது. மருந்தண்ணையும் மறுக்காமல் குடித்தார்.

கழகப் போட்டிக்கு மலரக்கா முதல் தடவையாக வந்து என் பக்கத்தில் இருந்தார். மருந்தண்ணையின் குண்டுகள் அட்டையெங்கும் தேங்காய்ப்பால் சொதி தெறித்த மாதிரிச் சிதறின. கடைசிக்கு முந்திய இடம். திரும்பி எங்களைப் பார்த்து, கப் வென்றவர் மாதிரி, பத்து விரலையும் விரித்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். காதுமூடியை மருந்தண்ணை இன்னும் கழற்றவில்லை, கேட்டிருக்காது. அதனால் இன்னும் பலமாகத் தட்டினேன்.