நாற்பத்து மூன்று பேர் பார்த்து எழுதிய வழக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

இங்கு நானும், உங்கள் சம்பந்தி அம்மாளும், அவளுடைய வலது காலைத் தவிர மற்ற எல்லாமும் சௌக்கியம். அங்கு நீங்கள், வீட்டில் அம்மா, மாப்பிள்ளை, என் மகள் எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் மூன்று நாளாக நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. மகளைக் கூப்பிட்டால், "அப்பா, மாமா மனசு ஒடிஞ்சு போய் உக்காந்திருக்காங்க, நீங்க கொஞ்ச நாள் சும்மா இருங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஆகையால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் உங்களுக்கு, இஸ்திரிக்காரர் கையில் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதத்தின் மூலம், உங்களை நான் 'கட்சிக் கூலி' என்று பொதுவில் அறிவித்ததற்கான காரணங்களை முறைப்படி தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முழுவதும் படிக்க வேண்டும்.

நான் முப்பத்து நான்கு ஆண்டு பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்பது பெண் பார்க்க வந்த அன்றே உங்களுக்குச் சொல்லப்பட்டது. என் சொந்தத் தம்பி என் மண்டபத்தில் பரீட்சை எழுத உட்கார்ந்தபோது மற்றவர்களை ஒரு தடவை சோதித்தேன், அவனை மூன்று தடவை சோதித்தேன், மூன்றாவது தடவை செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் அவன் காப்பியடிக்கவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாயிற்று. இந்தப் பெயர் நகராட்சி வரைக்கும் எட்டியிருக்கிறது. எங்கள் தெருக்கோடி டிஸ்பென்சரியை மூடிவிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடலாமா, வேண்டாமா என்று மக்களைக் கேட்க அவர்கள் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார்கள் அல்லவா, அதைக் காவல் காக்க நடுநிலையான ஆள் ஒருவர் வேண்டும் என்று வந்தபோது, வார்டு குமாஸ்தா நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். ஒரு கருத்தை நீக்கலாம், ஒரு ஆளை வெளியேற்றலாம், ஒரு வாசகத்தையே யாரும் எழுத முடியாதபடி தடை செய்யலாம்: இந்த மூன்று அதிகாரத்தையும் என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பக்கம் மூடிடும் சார், அப்ப எந்தப் பக்கம் எத்தனை கருத்து நிக்குதோ அதுதான் முடிவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூடக்கூடாது என்று யாருக்காவது தோன்ற வேண்டுமானால் அது எனக்குத்தான் தோன்ற வேண்டும். ஏழு மாதமாக என் மனைவிக்குக் காலில் ஆறாத புண். வாரம் மூன்று நாள் கட்டு மாற்ற வேண்டும். டிஸ்பென்சரி எங்கள் வாசலிலிருந்து நூற்று நாற்பது அடி; அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்விடுவாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றால் இரண்டு பஸ், அப்புறம் ஒரு மாடிப்படி. அவளால் ஆகாது. இது என் சொந்த விஷயம் என்பதனாலேயே நான் அந்த இணையப் பக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. மண்டபத்தில் நிற்கிறவன் பேனா பிடிக்கக் கூடாது.

இனி சதியைப் பற்றி. அதை முதலில் எனக்குச் சொன்னவர் சலூன்காரர். ஒரு பக்க மீசையை முடித்துவிட்டு மறு பக்கத்துக்கு வருவதற்குள் அவர் சொன்னது என்னவென்றால், "சார், இப்பல்லாம் எங்க நாலு பேர் நல்லதப் பேசினாலும் கட்சிக்காரங்க ஆளுங்களை உள்ள வுட்டுக் குட்டையைக் குழப்பிடறாங்க. ஒரு ரூம்ல இருவது பேர் உக்காந்துக்கிட்டு ஆளுக்குப் பத்துப் பேர்ல எழுதறான். ஐடி விங்கு. கண்டுபிடிக்கிறது சுலபம் சார். ஒண்ணு, எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவான். ரெண்டு, பேச்சு சூடு பிடிக்கறப்போ சம்பந்தமில்லாம எதையாவது கிளப்புவான்." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரே மாதிரி எழுதுகிறவனைப் பிடிப்பதற்காகவே பிறந்தவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்! மறு பக்க மீசை முடிகிற வரைக்கும் நான் எப்படிப் பொறுத்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திறந்தேன். டிஸ்பென்சரி வேண்டும் என்று நாற்பத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நாற்பத்து மூன்றும் ஒரே விடை! 'டிஸ்பென்சரி இந்தத் தெருவின் ஊன்றுகோல். ஊன்றுகோலைப் பிடுங்குகிறவர்கள் விழுந்தவரைத் தூக்க வரமாட்டார்கள்.' ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. வாசகம் நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. எங்கேயோ கேட்டது போலக்கூட இருந்தது. கூலிக்கு எழுதுகிறவர்களுக்கு அந்தத் திறமை உண்டு, கேட்ட மாதிரியே எழுதுவார்கள். வாத்தியார், தபால்காரர், பால் போடுகிறவர், மருந்துக் கடைக்காரர், கொத்தனார் மூன்று பேர், எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நான் தையற்காரரை அவர் கடையிலேயே மடக்கினேன். மிஷினை நிறுத்தாமலே, "அது ஒரு அம்மா எழுதிக் குடுத்தாங்க சார், அதைப் பாத்துதான் போட்டேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எழுதிக் கொடுத்த சீட்டையும் கைப்பற்றினேன். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம். பிட்டு, சம்பந்தி! முப்பத்து நான்கு வருடம் நான் யாரைத் தேடினேனோ அவர்கள் என் தெருவிலேயே பிட்டு விநியோகம் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டை உறையில் போட்டுத் தேதியிட்டு வைத்திருக்கிறேன். (எங்கள் வீட்டு நாட்காட்டியும் ஏனோ இப்போதே அடுத்த மாதம் இருபத்து மூன்றாம் தேதியில் நிற்கிறது. வயதாகிவிட்டால் நாட்கள் ஓடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.) நாற்பத்து மூன்றையும் நீக்கினேன். நாற்பத்து மூன்று பேரையும் வெளியேற்றினேன். அந்த வாசகத்தையும் தடை செய்தேன்.

அந்த நாற்பத்து மூவரில் இருபத்தொன்பதாவது நீங்கள். பெண்ணைக் கொடுத்த இடம் என்று என் கை ஒரு நிமிடம் நின்றது உண்மை. ஆனால் நீங்கள் ஒரே கருத்துக்குள் அந்த வாசகத்தை மூன்று தடவை போட்டிருந்தீர்கள். அதோடு விட்டீர்களா? அதற்குக் கீழேயே, 'டிஸ்பென்சரியில் கை கழுவும் குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்ற வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். ஊரே ஒரு கட்டடம் இருக்குமா போகுமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது வாஷரைக் கிளப்புகிறவரை என்ன சொல்வது? நீங்கள் காலமெல்லாம் குழாய் வேலை பார்த்தவர், கண் அங்கேதான் போகும் என்று மகள் சொல்கிறாள். பாசம் வேறு, விதி வேறு. சலூன்காரர் சொன்ன இரண்டு அடையாளமும் ஒரே ஆளிடம் இருந்தது உங்களிடம் மட்டும்தான். அதனால்தான் மற்றவர்களைச் சும்மா வெளியேற்றிவிட்டு, உங்களை மட்டும் 'இவர் கட்சிக் கூலி, மண்டபத்தை விட்டு வெளியேற்றப்படுகிறார்' என்று குறிப்பு எழுதி வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் நீங்கள் தலைவர் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தலைவர் வேறு ஆள். சொந்தப் பெயரை மறைத்து 'மூன்றாவது பெஞ்சு' என்று ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதுவதில் ஒன்றுகூட விஷயத்தோடு ஒட்டாது. 'கட்டுப் பிரிக்கும்போது நர்ஸம்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிரிப்பார், அதனால் பாதி வலி தெரியாது' என்பார். 'மேற்பார்வையாளர் ஐயா கண்ணாடியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறாராம், அதைப் போலத்தான் கண்ணெதிரே இருப்பதும் தெரியாது' என்று ஒருநாள் எழுதினார். நான் ஆடிப்போய்விட்டேன். கண்ணாடி விஷயம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே ஒட்டுக் கேட்கிறார்கள்! அன்றிலிருந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் பேசுகிறோம். இவளும் இதைப் பற்றி என்னவோ சொல்ல இரண்டு மூன்று தடவை வாயெடுத்தாள். "நகராட்சிப் பக்கத்து விஷயம் வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வினாத்தாள் கட்டு எந்த மண்டபத்துக்குப் போகிறது என்று ஒருநாளும் அவளிடம் நான் சொன்னதில்லை, இதிலும் அப்படித்தான். மூன்றாவது பெஞ்சையும் நேற்று வெளியேற்றினேன்.

இப்போது பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பதினொரு பேர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். பதினொருவரும் டிஸ்பென்சரியை மூடலாம் என்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் என்ன ஒழுங்கு, சம்பந்தி! ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதுவதில்லை. ஒருவர் செலவு என்கிறார், ஒருவர் நவீன வசதி என்கிறார், ஒருவர் பாலத்துக் காற்று உடம்புக்கு நல்லது என்கிறார். விஷயத்தை விட்டு அந்தண்டை இந்தண்டை நகர்வதில்லை. காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கிறார்கள், ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு இடைவேளை, ஐந்து மணிக்கு நிறுத்திவிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எழுதுவதே இல்லை. பரீட்சை எழுத வந்தவர்கள் இப்படி இருந்திருந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பே வந்திருக்காது. இவர்கள்தான் உண்மையான பொதுமக்கள்.

ஆகவே தாங்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளாமல், நடந்தது ஒரு நடைமுறை என்று பெரிய மனதோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தவறை ஒப்புக்கொண்டு மூன்று வரி எழுதிக் கொடுத்தால் அடுத்த தடவை தங்களை மீண்டும் அனுமதிக்கப் பரிந்துரைப்பேன். வீட்டில் அம்மாவுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளையும் மகளும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த செல்வத்தோடும் இருக்க என் ஆசீர்வாதம். உறவு உறவாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மதிப்பை என்றும் நாடும்
சம்பந்தி

பின்குறிப்பு: சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. கடிதத்தை மடித்துவிட்டுத் தேதி போட மறந்தது நினைவு வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். அது அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குப் போயிருந்தது. எத்தனை வயதானாலும் ஒரு கடிதம் எழுதி முடிப்பதற்குள் ஏழு நாள் ஓடாது. "இதை யார் கிழிக்கறது?" என்றேன்.

"நான்தான்" என்றாள்.

"எதுக்கு?"

"எழுதிக் குடுக்க. டிஸ்பென்சரிக்கு வர்றவங்களுக்கு வேணும்னு சொல்லத் தெரியுது, அதை எப்படி எழுதறதுன்னு தெரியல. அதான் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் குடுத்தேன்."

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. முப்பத்தோரு வருடமாக அவள் கையெழுத்தை நான் மளிகைச் சீட்டில்தான் பார்த்திருக்கிறேன். அதையும் படிக்கிறவர் கடைக்காரர். "அந்த வரி உனக்கு எங்க கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதுதான். நான் குளியலறையில வழுக்கினப்போ தூக்கிவிட்டு, கையைப் புடிச்சுக்கிட்டே சொன்னீங்களே. இத்தனை வருஷத்துல நீங்க சொன்னதுல அது ஒண்ணுதான் எழுதி வெக்கிற மாதிரி இருந்துச்சு."

மூன்றாவது பெஞ்சு யார் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அங்கதான் நான் உக்காருவேன், ஏழு மாசமா. நீங்க வாசல் வரைக்கும் வந்து நின்னுடுவீங்க, உள்ள வந்ததில்ல. வீட்ல சொன்னா ரகசியம்னு வாயை அடைச்சுடறீங்க. அங்க எழுதினாலாவது படிப்பீங்கன்னு நெனச்சேன். படிச்சீங்க. வெளிய தள்ளிட்டீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நீங்கள் ஒருநாள் அவளைப் பார்க்க வந்து, அந்தப் பெஞ்சில் அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களாம். குழாய் ஒழுகுவதை அங்கிருந்துதான் பார்த்தீர்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, சம்பந்தி. செருப்பைக் கழற்றச் சொன்னபோது என் தம்பி பார்த்த பார்வை இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என்னை மன்னித்துவிடுங்கள்.

அந்தப் பதினொருவரைப் பற்றி அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். "பத்து மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் போறாங்கன்னா அது வேலைங்க" என்றாள். அவர்களைப் பற்றி மேலே எழுதியதை நீங்களே அடித்துவிடுங்கள்.

ஐந்து மணிக்குப் பக்கம் மூடிவிடும். நீக்கியதை மீட்க வழியில்லை. வெளியேற்றியவர்களை மட்டும் திரும்பச் சேர்க்கலாம். நாற்பத்து மூன்று பேரையும் மூன்றாவது பெஞ்சையும் சேர்த்துவிட்டேன். பிறகு என் பெயரில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊன்றுகோல் வாசகத்தை எழுதினேன். என்னுடையதுதானே! 'தடை செய்யப்பட்ட வாசகம்' என்று வந்தது. தடையை நீக்க வார்டு குமாஸ்தா திங்கட்கிழமை வர வேண்டும். வேறு என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இவள்தான் சொன்னாள், "கால் வலிக்குதுன்னு எழுதுங்க, அது போதும்." அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'கால் வலிக்கிறது. நூற்று நாற்பது அடிதான் நடக்க முடியும். டிஸ்பென்சரி இங்கேயே இருக்கட்டும்.'

இந்தக் கடிதத்தை இஸ்திரிக்காரரிடம் கொடுக்கவில்லை, நானே கொண்டுவந்து உங்கள் கதவு இடுக்கில் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறேன். என் முகத்தில் விழிக்க இஷ்டமில்லாவிட்டால் திறக்க வேண்டாம். தையற்காரரிடமும் பால்காரரிடமும் போய்ச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நீங்கள் கூட வந்தால் நம்புவார்கள். புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். அவள் சொன்னதை அப்படியே பார்த்து எழுதுங்கள். மண்டபத்தில் இன்று மேற்பார்வையாளர் இல்லை.