இருபத்தாறு நெற்றிகளும் ஒரு நீல விளக்கும்

"கஸ்தூரி, என் மேசை மேல இருந்த வெள்ளைப் பவுடர் எங்க?"

"அந்த விபூதியாக்கா? இன்னிக்குப் பரீட்சையாச்சேன்னு வந்தவங்க எல்லாருக்கும் பட்டை போட்டு வுட்டேன்."

ஆயா கஸ்தூரி சொன்னதைக் கேட்டு எழிலரசிக்குத் தலை சுற்றியது. கள்ளிக்குப்பத்தில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்புப் பயிற்சி கொடுக்கும் நர்ஸ் அவள். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. ஆக்சிஜனோடு இருபது படுக்கைகள் தயார், அனுமதிதான் வரவில்லை. காலையிலிருந்து மூன்று ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு சுகாதாரத்துறை அதிகாரி வருகிறார். ஊழியர்கள் கையில் பவுடரைத் தடவிக் கழுவிவிட்டு, அவர் கொண்டுவரும் நீல விளக்கின் முன்னால் நீட்ட வேண்டும். சரியாகக் கழுவாத இடம் மின்னும். மின்னினால் அனுமதி இல்லை.

"அது விபூதி இல்லடி! ஸ்டோர் வேம்புலிகிட்ட நான் கேட்டிருந்த கிருமிப் பவுடர்!"

"ஐயையோ! கிருமியவா பூசிட்டேன்?"

"நிஜக் கிருமி இல்ல. மின்னும், அவ்வளவுதான். நம்ம நர்ஸ் ஜமீலாவுக்குமா பூசின?"

"அவங்க பேப்பர்ல மடிச்சு பைல வெச்சுக்கினாங்கக்கா. மரியாத தெரிஞ்ச பொண்ணு."

மாஸ்க்குக்கு மேலே தெரிந்த இருபத்தாறு நெற்றிகளும் ஒற்றைக் குழாய்க்கு ஓடின. எட்டாவது நெற்றியோடு ஹேண்ட்வாஷ் தீர்ந்தது. லேப் டெக்னீஷியன் கிஷோர் ஒரு துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினான்.

"எல்லாரும் ஒரே துண்டுலயா துடைச்சீங்க?"

"துடைங்கன்னுதானே சொன்னீங்க? தனித்தனியா துடைக்கச் சொல்லலையே!" என்றபடி கிஷோர் அதே கையால் கதவைத் திறந்தான். துண்டு, கை, கதவு என்று எழிலரசியின் கண்முன்னே பவுடர் பயணம் போனது.

"ஸ்டோர்லேர்ந்து துணி சோப்புத்தூளக் கொண்டா! சீக்கிரம்!"

மூன்று பாக்கெட்டும் பக்கெட்டில் கரைந்தன. நெற்றி, கைப்பிடி, நாற்காலி, சுவர் என்று எதையும் விடவில்லை. நுரை முழங்கால் உயரம் வந்தபோது குழாய் இருமியது.

"டேங்க் காலிக்கா!"

"மோட்டாரப் போடு!"

"கரண்டு இல்லக்கா!"

"அப்ப அப்படியே துணியால துடை!"

அந்நேரம் பார்த்து உள்ளே வந்த முதலாளி டாக்டர் நடேசன் நுரையில் காலை வைத்தார். ரிசப்ஷனில் வழுக்கியவர் மருந்துக் கடை வாசலில் போய் உட்கார்ந்தார்.

"எழில், இதுவும் பயிற்சியில ஒரு பாகமாம்மா?"

"ஆமா சார்! நல்லா பண்ணீங்க சார்!"

அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார் அதிகாரி பாண்டியன். ஜன்னலை மூடச் சொல்லி, பேட்டரி விளக்கைத் தட்டினார்.

இருபத்தாறு நெற்றிகளும் மின்னின. கதவும் நாற்காலிகளும் மின்னின. டாக்டர் நடேசன் திரும்பியபோது அவருடைய பேண்ட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் தோற்கடித்தது. திருவிழாப் பந்தலுக்கு சீரியல் லைட் போட்டதுபோல் இருந்தது.

"கையில இன்னும் பவுடரே தடவல. அதுக்குள்ள ஆஸ்பத்திரி முழுக்கவா?" என்றார் பாண்டியன்.

எழிலரசி நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"ஒரு டப்பா பவுடரையே உங்களால அடக்க முடியல. கொரோனாவ எப்படிம்மா அடக்குவீங்க?"

வாசலில் நான்காவது ஆம்புலன்ஸின் சைரன் கேட்டது. "சார், தப்பு என்னோடது. என்னை வேலையவிட்டு எடுத்துடட்டும், படுக்கைக்கு அனுமதிய மட்டும் குடுத்துருங்க" என்றாள். பாண்டியன் பேனா மூடியைக் கழற்றினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டோர் வேம்புலி உள்ளே வந்தார். கையில் சீல் பிரிக்காத ஒரு பெட்டி. விளக்கு அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. சட்டை தகதகவென்று மின்னியது.

பாண்டியன் இரண்டடி பின்னால் குதித்தார். "கிட்ட வராதீங்க! உடம்பு முழுக்கக் கிருமி!"

வேம்புலி தன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுப் பெட்டியை நீட்டினார்.

"இன்னா சார், சோப்புத்தூள்ல தொவைச்ச சட்ட அந்த லைட்டுல மின்னாம இன்னா பண்ணும்? எழிலக்கா, இந்தாங்க உங்க பவுடரு, கூரியர் ஆபீஸ்ல இப்பதான் குடுத்தான். காலைல உங்க மேசை மேல நான் வெச்சிட்டுப் போனது திருவேற்காட்டு விபூதி!"